சியாம் ரீப்பில் அரை நாள் வழிகாட்டி: ஒரு பெயரைத் தேடிப் போன கதை

கம்போடியாவின் சியாம் ரீப்பில் தங்கி அங்கோர் வாட்டுக்குப் போகிறவர்கள் சூரிய உதயத்துக்கு அலாரம் வைப்பார்கள். நான் வைக்கவில்லை. முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவனுக்கு உதயத்தைவிட ஒரு சொல்லின் மேல்தான் கண். கம்போடிய மக்களின் பெயரை ‘கெமர்’ என்று போடுவதா, ‘க்மேர்’ என்று போடுவதா? ஒரே கட்டுரையில் இரண்டும் வரும், நான் சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பேன். அந்த மக்கள் தங்களை என்ன சொல்லிக்கொள்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று ஆசை.

தங்கியிருந்த விடுதியில் சொன்னேன்: அரை நாள் போதும், கோயில் எண்ணிக்கை முக்கியமில்லை, கல்வெட்டு தெரிந்த ஆள் வேண்டும். வழிகாட்டிக்கு 35 டாலர், டுக்டுக்குக்கு 12. அங்கோர் நுழைவுச்சீட்டு தனி. ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62. நான் மூன்று நாள் சீட்டாக வாங்கியிருந்தேன். வழிகாட்டியை அனுப்பிய நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, காரணம் கடைசியில் புரியும்.

ஏழரைக்கு வருவதாகச் சொன்ன வழிகாட்டிப் பையன் எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தான். மன்னிப்புக் கேட்டான், ஐஸ் பெட்டியிலிருந்து ஈரத்துண்டு எடுத்துக் கொடுத்தான். கோபம் பாதி போய்விட்டது. என்னை ‘ஓம்’ என்று கூப்பிட்டான். வணக்கத்துக்குப் பதிலாக ஏதோ மந்திரம் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை, அவர்கள் பேச்சில் அப்பா அம்மாவுக்கு மூத்தவரை அப்படித்தான் அழைப்பார்களாம். நம்ம கணக்கில் பெரியப்பா. அப்புறம் நாள் முழுக்க ‘ஓம், தண்ணீர்’, ‘ஓம், தலை இடிக்கும்’ என்று காதில் விழுந்துகொண்டே இருந்தது.

நேராக அங்கோர் வாட் போவான் என்று பார்த்தால், அதைத் தாண்டி வடக்கே, பழைய மதில் நகரமான அங்கோர் தோமின் தெற்கு வாசலுக்குச் சற்று முன்னால், இடது கைப்பக்கம் நிறுத்தினான். பக்சேய் சாம்க்ரோங். நாலடுக்குச் செம்பூரான் கல் மேடை, உச்சியில் ஒற்றைச் செங்கல் கோயில். பெரிய பேருந்துகள் எல்லாம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. பெயருக்கு அர்த்தம் கேட்டேன். சிறகை விரித்துக் காக்கிற பறவை என்றான். ‘பக்சேய்’ நம்ம பட்சிதான். அந்த இடத்திலேயே 35 டாலரில் பத்து டாலர் வசூலாகிவிட்டது.

படிகள் செங்குத்து. ஒவ்வொன்றும் என் முழங்கால் உயரம், கால் வைக்கிற இடமோ பாதிப் பாதம் அகலம். ‘ஓம், மெதுவாக’ என்று பையன் பின்னாலேயே வந்தான். கையும் காலுமாகத்தான் ஏறினேன். மூட்டுவலிக்காரர்கள் கீழேயே நின்று பார்ப்பது நல்லது.

மேலே மணற்கல் வாசல் நிலை. இரண்டு பக்க நிலைக்கல்லிலும் மேலிருந்து கீழ் வரை எழுத்து. கோயில் கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு எழுத்தும் குழியோடு தெரிந்தது. ஒரு இடத்தில்கூட வரி கோணவில்லை. நான் விரலால் தொடப் போனேன், பையன் தடுத்தான், சரிதான். சமஸ்கிருதம், ஆனால் எழுத்து அவர்களுடையது. அந்த எழுத்துக்கு மூலம் பல்லவர் காலத்து எழுத்து என்று படித்திருந்தேன். நேரில் பார்த்தபோது ஒன்றும் படிக்க வரவில்லை, இருந்தாலும் கிரந்தம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வளைவுகள் அந்நியமாக இல்லை. நம்ம தெருக்காரரை வெளியூரில் பார்த்து, பெயர் ஞாபகம் வராமல் நிற்கிற மாதிரி.

இது கெமர் அரசன் ராஜேந்திரவர்மன் காலம், பொது ஆண்டு 948. இந்தக் கல்வெட்டில்தான் கம்பு சுவாயம்புவர் என்ற முனிவரும் மேரா என்ற அப்சரஸும் வருகிறார்கள். மேராவை முனிவருக்குக் கொடுத்தது சிவன். கம்புவின் வழி வந்தவர்கள் கம்புஜர். ‘ஜ’ என்றால் பிறந்தது. பங்கஜத்தில் இருக்கிறதே, அதே ஜ. கம்புஜம்தான் இன்றைய கம்பூச்சியா, பிரெஞ்சுக்காரர் வாயில் காம்போஜ், ஆங்கிலத்தில் கம்போடியா. 1296இல் சீனத் தூதுக்குழுவோடு வந்து ஒரு வருடம் போலத் தங்கிய சூ தாகுவானும், இந்த நாட்டார் தங்கள் நாட்டைக் கான்போசி என்கிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். (மகாபாரதத்தில் வரும் காம்போஜம் வேறு, அது வடமேற்கில் குதிரைக்குப் பேர்போன நாடு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதுவரை சரி. அடுத்து பையன் இரண்டு கையையும் கோர்த்துக் காட்டி, ‘கம்பு, மேரா, இரண்டும் சேர்ந்தால் க்மேர்!’ என்றான். கண்ணில் அப்படி ஒரு பெருமை. சுற்றுலாக்காரர்கள் இங்கே கைதட்டுவார்கள் போலிருக்கிறது, கொஞ்சம் நிறுத்தினான்.

என்னால் தட்ட முடியவில்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற சொல்லை மெய்ப்பில் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நம்ம ஊர்த் தலபுராணங்களில் இந்த மாதிரி எத்தனை ஊர்ப் பெயருக்கு எத்தனை முனிவர்கள்! பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடஸ் இந்தக் கல்வெட்டுகளோடே வாழ்ந்தவர். க்மேர் என்ற பெயருக்கு விளக்கம் சொல்லத்தான் மேராவையே உண்டாக்கியிருப்பார்களோ என்று அவர் கருதினார். அதாவது தாயிடமிருந்து பெயர் வரவில்லை, பெயரிலிருந்து தாய் வந்தாள். தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன்.

இங்கேதான் பையனுக்கு ஐந்துக்கு ஐந்து. முகம் சுளிக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ‘ஓம், எங்கள் பாட்டிக்குக் கம்புவும் தெரியாது, மேராவும் தெரியாது. நாங்கள் க்மாய், அவ்வளவுதான்’ என்றான்.

க்மாய்! எழுதும்போது கடைசியில் ‘ர்’ உண்டு, பேசும்போது கிடையாது. நாட்டைச் சொல்ல ‘ஸ்ரோக் க்மாய்’, மொழியைச் சொல்ல ‘பியாசா க்மாய்’. பியாசா என்றால் பாஷை, சொல்லவே வேண்டாம். கம்பூச்சியா என்பது தபால்தலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும், வீட்டுக்குள் க்மாய்தான். மீகாங் கழிமுகத்தில், இப்போது வியட்நாமாக இருக்கிற பகுதியில் வாழ்கிறவர்கள் ‘க்மாய் க்ரோம்’, கீழ்ப்பக்கத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு சிஹானூக் நாட்டை ஆண்ட காலத்தில், வேறு மொழி பேசுகிற மலைவாசிகளுக்கும் ‘மேல் கெமர்’ என்று பெயர் ஒட்டினார்கள். எழுபதுகளில் நாட்டைக் கொலைக்களமாக்கிய போல் போட்டின் கூட்டத்தை ‘கெமர் ரூஜ்’ என்று நம்ம பத்திரிகைகள் எழுதினவே, அந்தப் பெயரைப் பையன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ‘போல் போட் காலம்’ என்றுதான் சொன்னான், அதையும் குரலைத் தணித்து. நான் மேலே கேட்கவில்லை.

பிறகு அவனே சிரித்தபடி ஒன்று செய்து காட்டினான். அவன் மாமியார் தாய்லாந்தின் சூரின் பக்கத்துக்காரர். அங்கே இருக்கிற கெமர் மக்கள் வாயில் அந்த ‘ர்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. மாமியார் மாதிரி இடுப்பில் கையை வைத்து, நாக்கைச் சுழற்றி ‘க்மேர்ர்ர்’ என்றான். கீழே நின்ற டுக்டுக் ஓட்டுநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுத்தில் மட்டும் மிச்சமிருக்கிற ஒரு ஒலியை, எல்லைக்கு அப்பால் ஒரு மாமியார் காப்பாற்றிவைத்திருக்கிறார். எனக்கு அந்தக் காலைப்பொழுதில் கிடைத்த சரக்கு இதுதான். கெமரா, க்மேரா என்ற அச்சகச் சண்டைக்கும் தீர்ப்பு வந்துவிட்டது: எழுத்தைப் பார்த்தால் க்மேர் கட்சி ஜெயிக்கிறது, காதைக் கேட்டால் இரண்டு பேருமே தோற்றோம்.

பயோன் கோயிலுக்கும் போனோம். கூட்டம், வெயில், பையன் மனப்பாடமாக ஒப்பித்தான், எனக்கும் களைப்பு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இப்போது புகார். திரும்பும் வழியில் ‘பத்து நிமிடம், ஓம்’ என்று ஒரு பட்டுக்கடையில் இறக்கினார்கள். பத்து நிமிடம் நாற்பதாகிவிட்டது. அரை நாளுக்குப் பணம் கொடுத்தவனிடம் அதில் முக்கால் மணி நேரத்தைக் கடைக்காரருக்கு விற்பது நியாயமில்லை. பையன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் இஷ்டமில்லை, மேலே இருப்பவர்கள் உத்தரவு போலிருக்கிறது. அதனால் அவனுக்கு ஐந்து, நிறுவனத்துக்கு மூன்று.

போகிறவர்களுக்கு: முன்பதிவு செய்யும்போதே ‘கடை வேண்டாம்’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்சேய் சாம்க்ரோங்கை முதலில் வைக்கச் சொல்லுங்கள். வெயில் தலைக்கு மேலே ஏறிவிட்டால் நிலைக்கல் எழுத்துத் தட்டையாகிவிடும், ஒன்றும் தெரியாது. வானம் மூடியிருந்தால் கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். இறங்கும்போது படிக்கு முகம் திருப்பி, ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள். நான் முன்பக்கமாக இறங்கப் பார்த்து, மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.