கட்டுக்கரைக்குளமா, சுண்டிக்குளமா?

மாரி ஓயும் தை மாதத்தில் இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு நாள் நடந்து பறவை பார்க்க நினைப்பவர்களுக்கு, மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக்குளத்துக்கும் கிளிநொச்சிக்குக் கிழக்கே கடலோரக் களப்பான சுண்டிக்குளத்துக்கும் இடையில்தான் தடுமாற்றம்.

போக்குவரத்து: கட்டுக்கரைக்கு வவுனியா–மன்னார் பஸ்ஸில் முருங்கன் வரை வரலாம், அங்கிருந்து ஓட்டோ. சுண்டிக்குளத்துக்குச் சொந்த வாகனம் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

நடை: கட்டுக்கரையில் குளக்கட்டே பாதை. ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயல். வழி தவறவே முடியாது. சுண்டிக்குளத்தில் உவர்ச்சேறு காலை இழுக்கும், நிழலும் குறைவு. பழைய போர்நிலம் என்பதால் பழகிய தடத்தை விட்டு விலகவே கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். படம் எடுக்கும் ஆசைக்கு அது இடமல்ல.

பார்ப்பது: இங்கேதான் சுண்டிக்குளம் முந்துகிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம். கனகராயன் ஆறு வந்து கலக்கும் களப்பில் வலசை வரும் ஊசிவால் வாத்துகளும் கரைப்பறவைகளும் கூட்டமாக இறங்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் உண்டு. ஆனால் தூரத்தில்தான் நிற்கும், தொலைநோக்கி இல்லாவிட்டால் வெறும் இளஞ்சிவப்புக் கோடு. அருவியாற்று நீர் வரும் கட்டுக்கரையில் தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

செலவு: கட்டுக்கரை மலிவு.

பிள்ளைகளோடும் அம்மம்மாவோடும் போவதென்றால் கட்டுக்கரை. தொலைநோக்கியும் பொறுமையும் இடம் தெரிந்த துணையும் இருந்தால் சுண்டிக்குளம். என் வாக்கு இரண்டாவதற்கே. எங்கு போனாலும் யானை நடமாடும் வீதிகளில் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.