ஓ.பி.எம். ஃப்ளோ: கிணற்றையும் கணக்கில் சேர்க்கும் சால்வர்

எண்ணெய் வயலில் நிலத்தடி ஓட்டத்தைக் கணக்கிடும் திறந்த மூல மென்பொருள் ஓ.பி.எம். ஃப்ளோ. ராத்திரி பதினொரு மணிக்கு அதை ஓடவிட்டுப் படுத்தேன். இருபது வருட உற்பத்தியைக் கணக்கிட வேண்டிய மாடல், காலையில் இரண்டாவது வருடத்தைக்கூட எட்டவில்லை. லாக் ஃபைலில் ஒரே ஒப்பாரி: சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி) குவியவில்லை, அதாவது விடையை எட்டவில்லை, காலப்படியை (ஒரே தாவலில் கணக்கிடும் கால அளவை) மூன்றில் ஒன்றாக வெட்டு, மறுபடி குவியவில்லை, மறுபடி வெட்டு.

தப்பு என்னுடையதுதான். சால்வருக்கு ஐ.எல்.யு. ஜீரோ என்ற எளிய தோராய முறையை நானே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். நார்வே கடலின் நார்னே எண்ணெய் வயல் மாடலில் (வயலைக் கூறுபோட்ட 44,431 செல்கள், தரவு எல்லோருக்கும் திறந்தது) அது ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் இந்த மாடலில் என் கிணறு கீழே போய் மூன்று கிளையாகப் பிரிந்து, படுக்கைவாட்டில் நீளமாக ஓடுகிறது. ஒவ்வொரு கிளையும் பல செக்மென்ட், அதாவது குழாய்த் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி அழுத்தம்.

ஐ.எல்.யு. ஜீரோ சேதியை வீடு வீடாகத்தான் கடத்தும். ஒரு செல், பக்கத்துச் செல், அதற்கடுத்த செல். கிணறோ ஊரின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒரே குழாயால் கட்டிவிடுகிறது. அப்புறம் 200 சுற்று ஓடியும் பிழை இறங்காததில் ஆச்சரியம் என்ன?

சி.பி.ஆர்.டபிள்யூ. என்ற இன்னொரு முறைக்கு மாற்றினேன். கட்டளை வரியில் ஒரே ஒரு சொல். இதன் தாயான சி.பி.ஆர். 1980களில் வாலிஸ் முதலியோர் கொண்டுவந்தது: முதலில் அழுத்தத்தை மட்டும் தனியே பிரித்து மல்டிகிரிட்டால் (பெரிய கட்டம், சின்னக் கட்டம் எனப் பல அளவில் தீர்க்கும் முறை) தீர்ப்பது, பிறகு நீர், எண்ணெய், வாயு எல்லாம் சேர்ந்த முழுச் சமன்பாட்டு அணிக்கு (மேட்ரிக்ஸுக்கு) ஐ.எல்.யு. அழுத்தம் வயல் முழுக்கப் பரவும், செறிவு (எந்தத் திரவம் எவ்வளவு இருக்கிறது என்பது) உள்ளூர்ச் சமாச்சாரம், அதனால்தான் இந்தப் பிரிவினை. பெயரின் கடைசியில் உள்ள டபிள்யூ கிணற்றைக் (வெல்) குறிக்கிறது. கிணற்றின் அழுத்தத்தையும் அந்த முதல் கட்டத்திலேயே சேர்த்துக்கொள்கிறது. எனக்கு வேலை செய்தது அந்த ஓர் எழுத்துதான். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடியது, உண்மை. ஆனால் சுற்றுகள் பத்து, பதினைந்தோடு நின்றன. காலப்படி வெட்டு கிட்டத்தட்ட இல்லை. மதியச் சாப்பாட்டுக்குள் இருபது வருடமும் முடிந்தது.

ஃப்ளோவின் விலை? ஒன்றுமில்லை, ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமம். எக்லிப்ஸ் என்ற வணிக மென்பொருளின் வடிவிலுள்ள டெக்கைப் (உள்ளீட்டுக் கோப்பை) படிக்கும். உபுண்டுவில் நிறுவப் பத்து நிமிடம் போதும். உதவிப் பட்டியலைத் திறந்தால்தான் கண் இருட்டும், அவ்வளவு தெரிவுகள்.

பல கோரில் ஓட்டுபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இயல்பான அமைப்பில் ஒரு கிணறு துளைத்த செல்கள் எல்லாம் ஒரே பிராசஸுக்குத்தான் (ஒரு கோரில் ஓடும் வேலைப் பங்குக்கு) போகும். எட்டு கோர் போட்டேன். என் மூன்று கிளையும் ஒருத்தர் தலையில் விழ, மற்ற ஏழு பேரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். இப்போது நாலு கோர்தான். லேப்டாப் விசிறியின் இரைச்சலும் குறைந்திருக்கிறது.