ஆடிக் காற்றில் பனிப்போர்: ‘ட்விலைட் ஸ்ட்ரகிள்’ டீலக்ஸ் பதிப்புடன் ஆறு ஆண்டுகள்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் நுழையும் காற்று உடுமலைப்பேட்டையில் எதையும் வைத்த இடத்தில் இருக்கவிடாது. அக்கா வீட்டுக்காரரான மச்சானும் நானும் ‘ட்விலைட் ஸ்ட்ரகிள்’ என்ற பனிப்போர்ப் பலகை விளையாட்டின் 2005ஆம் ஆண்டு முதல் பதிப்பை ஆடிய நாள்களில், மெல்லிய அட்டைத்தாளில் அச்சிட்ட அதன் வரைபடத்தின் நான்கு மூலைகளிலும் தறிப்பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரும்புத் துண்டுகளை வைத்துக்கொண்டுதான் உட்காருவோம். 2009இல் வெளிவந்த டீலக்ஸ் பதிப்பை நான் வாங்கியதற்கு முதல் காரணம், அதன் வரைபடம் கெட்டியான மடக்குப் பலகையில் ஒட்டப்பட்டிருந்ததுதான். அனுப்பிய கடைக்காரர் சரியாகப் பொதியாததால் பெட்டியின் ஒரு மூலை நசுங்கியே வந்து சேர்ந்தது, உள்ளே சேதமில்லை.

அனந்த குப்தா, ஜேசன் மேத்யூஸ் ஆகிய இருவர் உருவாக்கிய இவ்விளையாட்டில் ஒருவர் அமெரிக்கா, மற்றவர் சோவியத் ஒன்றியம். பத்துச் சுற்றுகளுக்குள் இருபது புள்ளி முந்துபவர் வென்றவர். இதன் உயிர் சீட்டுகளில் இருக்கிறது. ஒரு சீட்டை அதன் எண் மதிப்புக்காகவோ, அதில் குறித்துள்ள வரலாற்று நிகழ்வுக்காகவோ பயன்படுத்தலாம்; ஆனால் கையில் வந்தது எதிராளிக்குரிய நிகழ்வென்றால், நாம் எண்ணுக்காக அதை இறக்கினாலும் அந்த நிகழ்வு அவருக்குச் சாதகமாக நடந்தே தீரும். சுற்றின் முடிவில் பெரும்பாலும் ஒரே ஒரு சீட்டைத்தான் கையில் நிறுத்திக்கொள்ள முடியும் என்பதால், எந்தக் கேடான சீட்டை எப்போது வெளியே விடுவது என்பதே ஆட்டம் முழுவதும் ஓடும் கணக்கு. “கையில தேளை வெச்சுட்டுச் சிரிக்கோணுமாட்ட இருக்குது மாப்ள” என்று மச்சான் முதல் மாதத்திலேயே சொன்னார்.

டீலக்ஸ் பதிப்பில் சீட்டுகள் 103இலிருந்து 110 ஆயின. கூடுதலாக வந்த ஏழில் எங்கள் ஆட்டத்தை உண்மையில் மாற்றியது ‘நோராட்’ (அமெரிக்க-கனடிய வான்பாதுகாப்பு அமைப்பு) ஒன்றுதான். சோவியத்தாக ஆடும் மச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு: சுற்றின் முதல் நகர்விலேயே ஒரு முக்கிய நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தி, அணுப்போர் அபாய அளவை (எண் குறையக் குறைய ஆபத்து, ஒன்றைத் தொட்டால் அணுப்போர்) இரண்டுக்கு இறக்கிவிடுவார், அதன்பின் முக்கிய நாடு எதிலும் நான் பதிலுக்குக் கவிழ்க்கத் துணிய முடியாது. கனடா அமெரிக்காவின் பிடியில் இருக்கையில் ‘நோராட்’ நடப்பில் இருந்தால், அளவு இரண்டைத் தொடும் ஒவ்வொரு நகர்வின் முடிவிலும் எனக்குச் செல்வாக்கு இருக்கும் ஏதாவதொரு நாட்டில் ஒரு செல்வாக்குப் புள்ளி கூடும். அவருடைய பழக்கத்துக்கு அன்றிலிருந்து விலை உண்டானது. பெட்டியிலுள்ள சீன உள்நாட்டுப் போர் மாற்றுவிதியை இருமுறை முயன்றோம், பிறகு எடுக்கவில்லை.

ஆறு ஆண்டுகளில் நான் மறக்காத ஆட்டம் ஒன்று உண்டு. மூன்றாம் சுற்றின் கடைசி நகர்வு, அபாய அளவு இரண்டு, மச்சான் 14 புள்ளி முன்னிலை. மதிப்பு ஒன்றுதானே என்று அவர் சாவகாசமாகச் சி.ஐ.ஏ. சீட்டை இறக்கினார். அந்த நிகழ்வு அவருடைய கைச்சீட்டுகளைப் பார்க்கும் உரிமையோடு எனக்கு ஒரு செயலையும் தருகிறது. அவர் வசமிருந்த முக்கிய நாடான கியூபாவில் நான் கவிழ்ப்பை அறிவித்ததும் அளவு ஒன்றுக்கு இறங்கி அணுப்போர் மூண்டது. யாருடைய முறையில் மூள்கிறதோ அவரே தோற்றவர் என்பது விதி, முறை அவருடையது. அக்கா தேநீருடன் வந்தபோது மச்சான் விதிப்புத்தகத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

குறை சொல்வதென்றால், பகடை சில நாள்களில் நல்ல திட்டத்தையும் கெடுத்துவிடுகிறது. அதைவிட என்னை உறுத்துவது வரைபடத்தில் நம் நாட்டின் நிலை. ஒரு நாட்டைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் நிலைத்தன்மை எண் இந்தியாவுக்கு மூன்று, பாகிஸ்தானுக்கு இரண்டு. இரண்டுமே முக்கிய நாடுகள். இவற்றுக்கிடையிலான போர் ஒரு சீட்டாக வருகிறது, பகடையில் நான்குக்குக் குறையாமல் விழுந்தால் வெற்றி, அண்டை நாடுகள் எதிராளி வசமிருந்தால் அதற்கேற்பக் கழிவு. இரு வல்லரசுகளின் கண்ணால் பார்ப்பதே விளையாட்டின் நோக்கம் என்பது தெரியும். ஆயினும் நேருவின் அணிசேராக் கொள்கை இங்கே யாரும் இன்னும் பிடிக்காத வெற்றுக் கட்டமாகத்தான் தெரிகிறது.

பலகை இன்றும் நேராகவே இருக்கிறது. செல்வாக்கு வில்லைகளின் ஓரம்தான் பிசிறு விட்டுவிட்டது, அவை காற்றுக்குப் பறப்பதும் நிற்கவில்லை. சீட்டுகளை முதல் மாதமே பிளாஸ்டிக் உறைகளில் போட்டேன். மச்சானுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதால், ஒவ்வோர் உறைக்குள்ளும் நிகழ்வின் சாரத்தைத் தமிழில் எழுதிய துண்டுத்தாள் ஒன்றைச் செருகியிருக்கிறேன். சி.ஐ.ஏ. சீட்டின் உறையில் மட்டும் துண்டுத்தாள் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது: “ரெண்டுல இருந்தா தொடாதே.”