42 நாளும் 40 ரூபாயும்: வியாசர்பாடிப் படிப்பகத்தின் சனிக்கிழமைச் சட்ட வகுப்பு

வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு தையல் கடையின் மாடியில் இயங்கும் படிப்பகத்தில் சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குச் சட்ட வகுப்பு நடக்கிறது. தலைக்கு 40 ரூபாய் வாங்குகிறார்கள். அதில் ஒரு தேநீரும் நான்கு பக்கக் குறிப்பும் அடக்கம். நடத்துபவர் உயர் நீதிமன்றத்தில் நெடுங்காலம் குற்றவியல் வழக்குகளை நடத்தி ஓய்ந்தவர். வருபவர்கள் அனைவருக்கும் அவர் ‘வக்கீல் சார்’தான். தம் பெயரையோ படிப்பகத்தின் பெயரையோ போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்க்கிறேன். மூன்று வாரம் தொடர்ந்து சென்றேன். மூன்றாவது வாரத்தைப் பற்றி மட்டும் எழுதுவதற்குக் காரணம், இந்த வகுப்பின் பலமும் குறையும் அன்றைக்குத்தான் ஒருசேர வெளிப்பட்டன என்பதே.

அன்றைய பாடம், 2008 ஜூன் 12 அன்று பிரிட்டனில் டேவிட் டேவிஸ் தம் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்த நிகழ்வு. அவர் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் நிழல் உள்துறை அமைச்சர். அதாவது அடுத்த தேர்தலில் கட்சி வென்றால் உள்துறை அமைச்சராகக்கூடியவர் என்று எதிர்பார்க்கப்பட்டவர். வியாசர்பாடியில் இந்தப் பாடத்தைக் கேட்க யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறினேன். முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர், அவர்களைத் தவிரப் புளியந்தோப்பிலிருந்தும் மகாகவி பாரதி நகரிலிருந்தும் வந்திருந்த பெண்கள். அந்தப் பெண்கள் ஏன் வருகிறார்கள் என்பது பாடத்தின் பிற்பகுதியில்தான் எனக்குப் புரிந்தது.

வக்கீல் சார் கரும்பலகையில் முதலில் எழுதியது வெறும் எண்கள்: 7, 14, 28, 90, 42. பிரிட்டனில் பயங்கரவாத வழக்கில் பிடிபட்டவரைக் குற்றச்சாட்டு எதையும் சுமத்தாமலே காவலில் வைத்திருக்கும் உச்ச வரம்பு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 நாள். 2003இல் அது 14 ஆயிற்று. 2005இல் டோனி பிளேர் அரசு 90 நாள் கேட்டு, நவம்பர் 9 அன்று 291க்கு 322 என்ற வாக்கில் தோற்று, 28 நாளுக்குச் சம்மதித்தது. 2008இல் கார்டன் பிரவுன் அரசு 42 கேட்டது. மற்றக் குற்றங்களில் அதே நாட்டின் காவல்துறை ஒருவரை அப்படி வைத்திருக்கக்கூடியது அதிகபட்சம் 4 நாள்தான் என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். “ஓனர் வாடகை ஏத்துற மாதிரிதான். முதல்ல நூறு ரூபா கேப்பாரு, நீங்க குடுப்பீங்க. அப்புறம் ஐந்நூறு கேட்டு இருநூறுக்குப் படிவாரு. நீங்க முந்நூறு மிச்சம் பண்ணதா நெனச்சுச் சந்தோஷப்படுவீங்க” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. வாடகை வீட்டில் இருக்கும் எவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஜூன் 11 அன்று 42 நாள் மசோதா 315க்கு 306 என்று ஒன்பதே வாக்கு வித்தியாசத்தில் மக்களவையில் நிறைவேறியது. ஆளும் தொழிற்கட்சியிலேயே 36 பேர் எதிர்த்து வாக்களித்திருந்தும், வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி உறுப்பினர்கள் ஒன்பது பேர் கொடுத்த ஆதரவு அரசைக் கரையேற்றியது. மறுநாளே டேவிஸ் வெளியேறினார். மூன்று நாளில், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு விதித்த பழைய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் ஆண்டு நிறைவு வருகிறது என்பதை நினைவூட்டி, 42 நாள் காவலோடு அடையாள அட்டை, கண்காணிப்புக் கேமரா, மரபணுத் தகவல் சேமிப்பு ஆகியவற்றையும் சேர்த்து, இவை ஒவ்வொன்றாகக் குடிமக்களின் உரிமையை அரித்து வருகின்றன என்று பேசி, இதையே முன்வைத்துத் தம் தொகுதியில் மீண்டும் போட்டியிடப்போவதாக அறிவித்தார்.

வகுப்பின் மிகச் சுவையான பகுதி இதற்கு அடுத்து வந்தது. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. பதினேழாம் நூற்றாண்டுத் தீர்மானம் ஒன்று அதைத் தடுக்கிறது. ஆனால் மன்னரிடம் ஊதியப் பதவி ஏற்பவர் உறுப்பினராகத் தொடர முடியாது என்ற விதி இருப்பதால், விலக விரும்புகிறவர் சில்ட்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பழைய நிலப்பகுதியின் மணியக்காரர் வேலைக்கு விண்ணப்பம் போடுவார். அந்த வேலையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேலை கிடைத்த கணமே உறுப்பினர் பதவி போய்விடும். டேவிஸும் இந்த வழியில்தான் போனார். நம் நாட்டில் அரசியல் சாசனத்தின் 101ஆம் பிரிவின்படி அவைத்தலைவருக்குக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று கொடுத்து, அவர் அதை ஏற்றுக்கொண்டால் போதும். கேட்டுக்கொண்டிருந்த துறைமுகப் பெரியவர், “அங்க வேலை குடுத்து வீட்டுக்கு அனுப்புறான், இங்க லெட்டர் குடுத்துட்டு வீட்டுக்குப் போகாமயே இருக்கான்” என்று சொன்னார். அவர் எதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பதை விளக்கவில்லை. விளக்கும்படி யாரும் கேட்கவுமில்லை.

இதுவரை குறை சொல்ல இடமில்லை. பிசகு, இடைத்தேர்தலில் தொடங்கியது. ஜூலை 10 அன்று டேவிஸ் 17,113 வாக்குகளோடு, பதிவானவற்றில் ஏறத்தாழ 72 விழுக்காடு பெற்று வென்றார் என்று சொல்லி, சத்தியம் வென்றது என்ற தொனியில் வக்கீல் சார் பாடத்தை நகர்த்திவிட்டார். தொழிற்கட்சி இதை வெறும் நாடகம் என்று சொல்லி வேட்பாளரையே நிறுத்தவில்லை. லிபரல் டெமாக்ரட் கட்சி 42 நாள் விஷயத்தில் டேவிஸோடு உடன்பட்டதால் ஒதுங்கிக்கொண்டது. மொத்தம் 26 பேர் போட்டியிட்டும் 23 பேர் டெபாசிட் இழந்தார்கள். வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே. அரசின் தரப்பைப் பேச ஆளில்லாத களத்தில் கிடைத்த வெற்றியைக் கொண்டு மக்கள் 42 நாளை நிராகரித்தார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. அது போக, டேவிஸின் கட்சி 28 நாளை ஏற்றுக்கொண்டிருந்தது என்பதையும், கொலைக் குற்றங்கள் சிலவற்றுக்கு மரண தண்டனை திரும்ப வர வேண்டும் என்று கருதியவர் அவர் என்பதையும் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். மனிதரை அப்பழுக்கற்றவராகக் காட்டினால் கேட்பவர்களுக்கு அவர் செய்ததன் எடை தெரியாமல் போகிறது.

சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, ஜெயிக்கக்கூடிய சொந்தத் தொகுதியில் ராஜினாமா செய்துவிட்டு அங்கேயே மறுபடி நிற்பதில் என்ன இழப்பு என்று கேட்டார். அந்த மாலையின் ஆகச் சிறந்த கேள்வி அது. வக்கீல் சார், “கொள்கைக்காகச் செஞ்சாருப்பா” என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பதில் அவர் கையில் இருந்த தேதிகளிலேயே இருக்கிறது. டேவிஸ் இழந்தது தொகுதியை அல்ல, நாற்காலியை. அவர் வெளியேறிய கையோடு நிழல் உள்துறைப் பொறுப்பு டொமினிக் கிரீவிடம் போயிற்று. 2010இல் கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்தபோது டேவிஸ் அமைச்சராகவில்லை. 2016 வரை பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அமைச்சர் பதவியையே எட்டு ஆண்டுக்கு விலையாகக் கொடுத்திருக்கிறார் என்று அந்த மாணவருக்குச் சொல்லியிருக்கலாம். அவர் உட்கார்ந்த விதத்திலேயே திருப்தியில்லை என்பது தெரிந்தது.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு வகுப்பு தன் நிலைக்குத் திரும்பியது. அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று பிரிட்டனின் மேலவையான பிரபுக்கள் சபை 309க்கு 118 என்று 42 நாளை வீழ்த்தியது. அரசும் அதைக் கைவிட்டது. 2011 ஜனவரியில் 28 நாள் வரம்பும் காலாவதியாகி மறுபடி 14 ஆனது. ஏறிய வாடகை இறங்கிய கதை. ஆனால் அதே 2008இன் டிசம்பரில், மும்பைத் தாக்குதலை அடுத்து, நம் நாடாளுமன்றம் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ஊபாவைத் திருத்தி, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதற்கான கெடுவை 90 நாளிலிருந்து 180 நாள் வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம் என்று ஆக்கியது. இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வக்கீல் சார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அது அவருடைய நல்ல உத்திகளில் ஒன்று.

கையில் கொடுக்கப்பட்ட குறிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் 42, 180, 365 என்று ஒரே பத்தியில் அடுக்கி, பிரிட்டன், ஊபா, குண்டர் சட்டம் என்று எதிரே எழுதியிருக்கிறார்கள். பார்த்தவுடன் அதிர்ச்சி தரும் அட்டவணைதான். ஆனால் மூன்றும் ஒரே கடிகாரத்தில் ஓடுபவை அல்ல. பிரிட்டனின் 42 என்பது இன்ன குற்றம் என்று சொல்லாமலே வைத்திருக்கும் காலம். ஊபாவின் 180 என்பது முதல் தகவல் அறிக்கை பதிவாகி, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தி, ரிமாண்டில் வைத்த பின் குற்றப்பத்திரிகைக்கான கெடு. 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டமான குண்டர் சட்டத்தின் 12 மாதமோ, இனி குற்றம் செய்யக்கூடும் என்பதற்காக வைப்பது. அதற்குக் குற்றப்பத்திரிகையே கிடையாது. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே நிமிடத்தில் அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடுவார். வாய்மொழியில் வக்கீல் சார் இதைச் சரியாகவே விளக்கினார். தாளில் பிழை அப்படியே நிற்கிறது. மூன்றாம் பக்கம் நகல் எடுக்கும்போது மங்கிப்போய்ப் படிக்கவே முடியவில்லை. அதைக் காட்டியதற்கு, “இது குண்டாஸ் ஆர்டரா இருந்தா ஹைகோர்ட்டுல இந்நேரம் ரத்தாயிருக்கும்” என்றார். வேடிக்கைப் பேச்சு இல்லை. காவலில் வைக்கப்பட்டவருக்குப் படிக்க முடியாத நகல் கொடுத்தார்கள் என்ற காரணத்தால் ரத்தான ஆணைகள் நிறைய உண்டு.

அந்தச் சொல் வந்ததும்தான் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். புளியந்தோப்பிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, “வெள்ளக்காரன் நாப்பத்திரண்டு நாளைக்கே இவ்ளோ பேசறான். எம் புள்ள குண்டாஸ்ல பதினோரு மாசம் புழல்ல இருந்தான் சார். மனு போட்டு அவனப் பாக்கப் போறதே எனக்கு வேலையாப் போச்சு” என்றார். வக்கீல் சார் அவரிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தடுப்புக் காவல் ஆணை சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை என்பதையும், மூன்று வாரத்துக்குள் விவகாரம் கழகத்துக்குப் போயாக வேண்டும் என்பதையும், அரசுக்கு அனுப்பிய முறையீட்டைக் காரணமின்றித் தாமதித்தால் அதுவே ஆட்கொணர்வு மனுவில் வாதமாகும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எழுதிக்கொள்ளச் செய்தார். இந்த நாட்டில் தடுப்புக் காவல் பற்றிய முதல் பெரிய தீர்ப்பே 1950இல் மதராஸ் மாகாணத்தில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில் வந்தது என்று அவர் சொன்னபோது, 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், தடுப்புக் காவல் சட்டமான மிசாவில் கைதானவர்கள் அடிபட்ட பழைய மத்திய சிறையையும், அங்கே பட்ட அடியால் மறு ஆண்டு இறந்துபோன முன்னாள் மேயர் சிட்டிபாபுவையும் துறைமுகப் பெரியவர் நினைவுகூர்ந்தார். வரலாறும் நடைமுறைச் சட்டமும் இப்படிக் கலந்து கிடைக்கும் இடம் வடசென்னையில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது. ரயில் போகும்போதெல்லாம் பேச்சு அரை நிமிடம் நிற்கிறது. கழிப்பறை கிடையாது, தொலைவிலிருந்து வரும் பெண்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். தேநீர் நன்றாக இருந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் மழைநாளில் அந்தப் பக்கமாக வராதீர்கள்.

வகுப்பு முடிந்ததும் அட்டவணைப் பிழையையும் அந்த மாணவரின் கேள்வியையும் வக்கீல் சாரிடம் தனியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார். 2010, 2016 என்ற இரண்டு ஆண்டுகளைத் தம் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, “அந்தப் பையன் போயிட்டானா?” என்று கேட்டபடி படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். போய்விட்டிருந்தார். வரும் சனிக்கிழமை, நெருக்கடி நிலை அறிவிப்பை அடுத்து 1975 ஜூன் 27 அன்று கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை விட்டு விலகிய ஃபாலி நாரிமன் பற்றிய பாடமாம். திருத்திய அட்டவணையையும் அன்றைக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்தே முக்காலுக்குள் போனால் சுற்றுகிற மின்விசிறியின் கீழ் இடம் கிடைக்கும்.