குளிர்ந்தே ஓடிய இஞ்சின்: பாசிக்குடாவில் ஒரு ஸ்கீ படகோடு ஆறு வருடம்

2019 தை மாதம் பெந்தோட்டையிலிருந்து ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்த படகு இது. பத்தொன்பது அடி நீளம், நடுவில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் 5.7 லீற்றர் வி8 பெற்றோல் இஞ்சின், பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் பழைய காபரேட்டர் வகை. நான் வாங்கும்போதே அதற்கு நல்ல வயது. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில், கயிற்றைப் பிடித்துத் தண்ணீர்மேல் சறுக்கும் ஸ்கீ பழக வருகிறவர்களை இழுப்பதுதான் இதற்கு வேலை. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். காலை ஆறு மணிக்குப் போனால் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடக்கும். பழகுகிறவர்களுக்கு மணிக்கு 30 கிலோமீற்றர் போதும், நன்றாகத் தெரிந்தவர்கள் 50க்கு மேல் கேட்பார்கள்.

படகைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் இந்த ஆறு வருடத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கோளாறில்தான். இஞ்சின் சூடாகவில்லை. கேட்பவர்கள் முதலில் "அது நல்லதுதானே?" என்பார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நம் பக்கத்தில் படகு வைத்திருக்கும் எல்லாருக்கும் பயம் சூடுதான். மாரியில் வாவிக்குள் ஓடினால் ஆற்றுவாழை, இஞ்சினைக் குளிரவைக்க வெளித் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சு குழாயை அடைக்கும். பாசிக்குடாவின் ஆழமில்லாத தண்ணீரில் மணல் ஏறும். தண்ணீர் வராமல் இஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்றுபோன கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். அதனால் முள் கீழே கிடந்தால் மனம் நிம்மதியாகிவிடும். என் படகின் ஹீற் மீற்றர் அமெரிக்கக் கணக்கு, பரனைட்டில் காட்டும். ஓடும்போது அது 140க்கும் 150க்கும் இடையில் நிற்க வேண்டும். 2021 சீசனின் நடுவிலிருந்து 110ஐத் தாண்டவே இல்லை. செல்சியஸில் சொன்னால் 43. கடல் தண்ணீரே இங்கே 28, 29 பாகை இருக்கும். வேலை செய்கிற இஞ்சின் அதைவிடக் கொஞ்சம்தான் சூடாக இருந்தது.

கோளாறு எப்போது தொடங்கியது என்பதைப் பின்னால்தான் பொருத்திப் பார்த்தேன். அந்த ஆடியில் தண்ணீர் பம்பின் இம்பெலர் உடைந்தது. ரப்பர் சக்கரம், பத்து இதழ். கழற்றிப் பார்த்தபோது இரண்டு இதழ்கள் இல்லை. புதியது போட்டோம், தண்ணீர் நன்றாக வந்தது, சரி என்று மூடிவிட்டோம். காணாமல் போன இரண்டு இதழ்கள் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை. இம்பெலர் உடைந்து துண்டு குறைந்தால், அந்தத் துண்டு கையில் கிடைக்கும்வரை பெட்டியை மூடாதீர்கள்.

2022 பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனிக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அதுவும் கிடைத்தால்தான். படகு பெரும்பாலும் ட்ரெய்லரிலேயே கிடந்தது. ஓடிய சில நாட்களில் ஒவ்வொரு லீற்றரையும் எண்ண வேண்டியிருந்தது. அப்போதுதான் கணக்கு உதைத்தது. முன்பு முழு நாள் வேலைக்கு 52, 53 லீற்றர் போன இடத்தில் 60 போனது. பெற்றோலில் கலப்படம் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். 2023 வைகாசியில் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. ஊற்றாமலே ஒயில் மட்டம் ஏறியிருந்தது. ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால், உள்பக்கம் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைப் படிவு.

ஓட்டமாவடியில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் நானா இருக்கிறார். மூடியில் வெள்ளையைக் கண்டால் இஞ்சின் தலை வெடித்துத் தண்ணீர் இறங்குகிறது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பயம்தான். நானா அப்படிச் சொல்லவில்லை. கம்பி நுனியை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு விரலை என் பக்கம் நீட்டினார். பெற்றோல் மணம் அடித்தது. ஒயில் பிசுபிசுக்கவே இல்லை, மண்ணெண்ணெய்போல வழுக்கியது.

"இஞ்சினுக்குக் காய்ச்சல் வந்தா எல்லாரும் ஓடி வாறீங்க தம்பி. குளிர் பிடிச்சா ஒருத்தரும் வாறதில்லை" என்றார்.

அவர் விளக்கியதை என் சொல்லில் சொல்கிறேன். காபரேட்டரிலிருந்து வரும் பெற்றோல் ஆவியாக இஞ்சின் சூடு வேண்டும். உள்ளே குளிர்ந்த இரும்பாக இருந்தால், ஒரு பகுதி துளியாகவே சிலிண்டர்ச் சுவரில் ஒட்டும். அது சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயில் தொட்டிக்குள் இறங்கும். பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவியிலும் கொஞ்சம் அதே வழியாகப் போகும். இஞ்சின் சரியான சூட்டில் ஓடினால் அந்த நீரும் பெற்றோலும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடு இல்லாவிட்டால் தங்கிவிடும். வெள்ளைப் படிவு வந்த வழி அதுதான். ஸ்கீ படகில் இது இன்னும் மோசம். ஐந்து நிமிடம் இழுத்து, விழுந்தவர் கயிற்றைப் பிடிக்கும்வரை நின்று, திரும்ப இழுக்கிற வேலை. ஒயில் சூடேற நேரமே கிடைப்பதில்லை.

இஞ்சினில் கைவைக்க முன் மீற்றர் உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் நானா. என் வகை மீற்றருக்கு அது இரண்டு நிமிட வேலை. சாவியைப் போட்டுவிட்டு சென்சரிலிருந்து வயரைக் கழற்றினால் முள் அடியில் விழ வேண்டும். அதே வயரை இஞ்சின் இரும்பில் தொட்டால் முள் முழுச் சூட்டுக்கு எகிற வேண்டும். இரண்டும் சரியாக நடந்தன, ஆகவே மீற்றரும் வயரும் நல்லவை. ஆனால் சென்சரைக் கழற்றியபோது அதன் புரியில் வெள்ளை நாடா தடிப்பாகச் சுற்றியிருந்தது, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல. இந்த வகைச் சென்சருக்கு எர்த் கிடைப்பது அந்தப் புரி வழியாகத்தான். நாடா அதைத் தடுத்தால் மின்தடை கூடும், மின்தடை கூடினால் மீற்றர் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சுரண்டி எடுத்துவிட்டுப் பூட்டினோம். முள் பத்துப் பாகை ஏறியது, அவ்வளவுதான். மீதிக் குளிர் உண்மையான குளிர்.

அப்புறம் வெப்பத் துப்பாக்கி. மேற்பரப்பில் சிவப்புப் புள்ளி வைத்துச் சூட்டை அளக்கிற கருவி, இரும்புக் கடைகளில் கிடைக்கும். நான் வாங்கியவற்றில் மிகப் பயன்பட்டது இதுதான், சென்சர் பொய் சொன்னாலும் இது தனியாக ஒரு கணக்குச் சொல்லும். பளபளக்கும் உலோகத்தில் மட்டும் தவறாகக் காட்டும், கறுப்பு நிறம் அடித்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும். கரையில் சும்மா ஓடவிட்டு தேர்மோஸ்டற் (சூட்டுக்குத் தக்கபடி திறந்து மூடும் தண்ணீர்க் கதவு) இருக்கும் கூட்டின் அருகே அளந்தால் 52 பாகை செல்சியஸ். ஐந்து நிமிடம் இழுத்துவிட்டு அளந்தால் 46. நானா அதைக் கேட்டதும் தலையாட்டினார். வேகம் கூடும்போது பம்பும் வேகமாகச் சுற்றி அதிக தண்ணீர் தள்ளும். தேர்மோஸ்டற் ஒழுங்காக இருந்தால் அது கதவுபோல ஒடுங்கி, தேவையான அளவை மட்டும் இஞ்சினின் உடலான புளொக்குக்குள் விடும், மீதியைப் புகை போகும் குழாய்ப் பக்கம் அனுப்பும். சும்மா ஓடும்போது சூடு, வேகத்தில் குளிர் என்றால் கதவு மூடவில்லை.

கூட்டைப் பிடித்திருந்தவை இரண்டு போல்ட்டுகள்தான், ஆனால் உப்பில் இறுகிப்போயிருந்தன. முந்திய இரவே துருநீக்கி ஒயில் அடித்து வைத்திருந்ததால் முறியவில்லை. மூடியைத் தூக்கியபோது தேர்மோஸ்டற் அதன் பள்ளத்தில் இருந்தது. நடுவிலுள்ள வட்டத் தட்டு ஒரு பக்கம் மட்டும் தூக்கி நின்றது. அதன் விளிம்பில் கறுப்பாக ஏதோ. நானா சிறிய குறட்டால் இழுத்தார். கட்டைவிரல் நகமளவு ரப்பர். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கிழிந்த நார். 2021இல் காணாமல் போன இதழின் துண்டு, இரண்டு வருடமாகக் கதவிடுக்கில் செருகி இருந்திருக்கிறது.

துண்டை எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நானா விடவில்லை, பழையதைச் சோதித்துத்தான் பூட்ட வேண்டும் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் சட்டி வைத்தோம். தேர்மோஸ்டற்றை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி. நூலைத் தட்டின் இடுக்கிலேயே கொடுத்திருந்தோம். கதவு திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் நழுவி, சாமான் சட்டிக்குள் விழும். அந்தப் பாகைதான் திறக்கும் பாகை. 60இல் விழ வேண்டியது 51இல் விழுந்தது. குளிர்ந்த பிறகும் தட்டு முழுதாக மூடவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் கீற்றுத் தெரிந்தது. ஸ்பிரிங் களைத்துவிட்டது. அம்மா அந்தச் சட்டியைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கவில்லை.

புதியது வாங்குவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரு கடையில் லொறிக்குப் போடும் 82 பாகைத் தேர்மோஸ்டற் அளவு சரியாக இருக்கிறது என்று தந்தார்கள். கடல் தண்ணீரையே நேராகப் புளொக்குக்குள் விடும் இஞ்சினுக்கு அதைப் போடக்கூடாது. அந்தச் சூட்டில் கடல் நீரிலுள்ள உப்புகள் பிரிந்து உட்பாதைகளில் பாறைபோலப் படியும். அதனால்தான் இந்த இஞ்சின்களுக்கு 60 பாகையை வைத்திருக்கிறார்கள், பரனைட்டில் 140. தனி ரேடியேற்றர்போல மூடிய சுற்றில் நல்ல தண்ணீர் ஓடும் இஞ்சின்களுக்கு 71 அல்லது அதற்கு மேல் வரும். உங்கள் இஞ்சின் எந்த வகை என்று தெரியாமல் வாங்காதீர்கள். கடலுக்கென்று செய்தது துருப்பிடிக்காத உலோகத்தில் வரும், காருக்குச் செய்தது உப்பில் சீக்கிரம் அரித்துவிடும். எனக்குச் சரியானது கொழும்பு வழியாக வந்துசேர மூன்று கிழமை எடுத்தது. பூட்டும்போது ஸ்பிரிங் இருக்கும் பக்கம் இஞ்சினைப் பார்க்க வேண்டும். மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் புதியது, பள்ளம் சுரண்டிச் சுத்தமாக.

அன்றே ஒயிலும் ஒயில் பில்டரும் மாற்றினேன். பத்து மணித்தியாலம் ஓடிய பிறகு, பார்வைக்கு நன்றாக இருந்தும், இன்னொரு தடவை மாற்றினேன். பெற்றோல் கலந்த ஒயில் மூலை முடுக்கெல்லாம் நிற்கும் என்பதால் அந்தச் செலவை நான் வீண் என்று நினைக்கவில்லை. எட்டுப் பிளக்கும் கரி பிடித்திருந்தன, அவையும் புதியவை.

2023 ஆனியிலிருந்து இன்றுவரை முள் 140ஐ விட்டு அதிகம் அசையவில்லை. துப்பாக்கியில் சும்மா ஓடும்போது 61, இழுக்கும்போது 60. மூடியில் வெள்ளை இல்லை, ஒயில் மட்டம் ஏறவில்லை. பெற்றோல் செலவு மீண்டும் நாளுக்கு 53, 54 லீற்றருக்கு வந்துவிட்டது. அதில் புதிய பிளக்குக்கும் ஒரு பங்கு உண்டு, முழுப் பெருமையையும் தேர்மோஸ்டற்றுக்குக் கொடுக்க மாட்டேன். எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது காலையில் முதல் ஆளை இழுக்கும்போதுதான். முன்பெல்லாம் கயிறு இறுகும் நேரத்தில் இஞ்சின் ஒரு தடவை திக்கும், ஸ்கீயில் இருப்பவர் முன்னே சாய்ந்துவிடுவார். இப்போது ஒரே இழுவையில் எழும்பி நிற்கிறார்கள்.

பழகிக்கொள்ள வேண்டிய இரண்டு விடயங்கள் இருக்கின்றன. நன்றாக இழுத்துவிட்டு இஞ்சினை நிறுத்தினால், அடுத்த சில நிமிடம் முள் மேலே ஏறும். தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது, இரும்பிலுள்ள சூடு போக இடமில்லை. திரும்ப ஸ்டார்ட் செய்ததும் இறங்கினால் பயமில்லை. இறங்காவிட்டால் உடனே நிறுத்திப் பம்பைப் பாருங்கள்.

மற்றது மாலையில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது. தேர்மோஸ்டற் திறந்தே கிடந்த காலத்தில் ஹோஸைப் பிடித்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதும். இப்போது அது போதாது. இஞ்சின் ஆறியிருந்தால் கதவு மூடியிருக்கும், நல்ல தண்ணீர் புளொக்குக்குள் சரியாகப் போகாது, உப்பு உள்ளேயே நிற்கும். முள் 140க்கு வரும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகு பத்து நிமிடம் கழுவுகிறேன். கிணற்றுத் தண்ணீர் அதிகம் செலவாகும். கிணறு இறங்கியிருக்கும்போது அது சிரமம்தான்.

வாழைச்சேனையில் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போட் இஞ்சின் வைத்திருக்கும் மீனவ அண்ணன்மாரில் சிலர் தேர்மோஸ்டற்றையே கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். மணல் அடைத்து மூடிய நிலையில் இறுகிவிட்டால் இரவில் கரையிலிருந்து தொலைவில் நிற்க வேண்டிவரும், அதற்கு இது மேல் என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மாதக் கணக்கில் குளிராக ஓடிய இஞ்சினின் ஒயிலை ஒரு தடவை விரலில் தேய்த்து மணந்து பாருங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். கழற்றி எறிவதைவிட, வருடத்துக்கு ஒரு தடவை கூட்டைத் திறந்து சுத்தம் செய்வது ஒரு மணித்தியால வேலை.

நான் அதை ஐப்பசியில் செய்கிறேன், மாரி தொடங்கிப் படகைக் கல்லடிக்குக் கொண்டுபோக முன். போன ஐப்பசியில் திறந்தபோது தட்டின் விளிம்பில் மெல்லிய உப்புக் கோடு மட்டும் இருந்தது. புளி கரைத்த தண்ணீரில் ஊறவிட்டுத் துடைத்தேன், சட்டியில் 60இலேயே நூலை விட்டது. ஸ்பிரிங் அப்படியே விறைப்பாக இருக்கிறது. இருந்தாலும் படகுப் பெட்டிக்குள் இன்னொரு தேர்மோஸ்டற், இரண்டு கேஸ்கட், ஒரு இம்பெலர் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த ரப்பர்த் துண்டு நானாவின் கராஜில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.