மூன்று கல்லடி, ஒரு புதுக் கண்ணாடி: ஐந்து வருடக் கணக்கு

ஐந்து வருடத்தில் என் காரின் முன்கண்ணாடி மூன்று முறை கல்லடி வாங்கியது. முதலாவதை நானே கிட் வாங்கி அடைத்தேன். இரண்டாவதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்தேன். மூன்றாவதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டேன். மூன்றிலும் சின்னது அந்த மூன்றாவதுதான். கண்ணாடியையே மாற்ற வைத்ததும் அதுதான்.

முதல் கல், சரளை ஏற்றிப் போன லாரிக்குப் பின்னால் போனபோது வந்தது. "டப்" என்று ஒரு சத்தம். பக்கத்து இருக்கைக்கு நேராகக் கரிய வட்டம், நடுவில் ஊசிமுனைக் குழி. இதற்குப் புல்ஸ்ஐ என்று பெயர். உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. விண்ட்ஷீல்ட் என்பது ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற மெல்லிய படலத்தை வைத்து ஒட்டியது. கல் வெளிக் கண்ணாடியோடு நின்றிருந்தால் ரெசின் என்ற திரவப் பிசினை விட்டு அடைக்கலாம். பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் டெம்பர்டு வகை. அவற்றில் அடைக்கும் பேச்சே இல்லை, அடி பலமாகப் பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

கிட்டில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கால்கள் கொண்ட ஒரு தாங்கி, சிரிஞ்சு, சின்னக் குப்பியில் ரெசின், பிளாஸ்டிக் தாள், ஒரு பிளேடு இருந்தன. வேலை கஷ்டமில்லை. பிஸ்டனை இழுத்தால் விரிசலுக்குள் இருக்கும் காற்று வெளியே வரும், அழுத்தினால் ரெசின் உள்ளே போகும். இதை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, நன்றாகத் தெரியட்டும் என்று உச்சி வெயிலில் உட்கார்ந்தது. ரெசின் இறுகுவதே புற ஊதாக் கதிரில்தான். உள்ளே முழுதாகப் பரவும் முன்பே விரிசலின் வாயிலேயே கெட்டியாகிவிட்டது. நிழலில் வைத்து நிரப்பி, கடைசியில் வெயிலுக்கு நகர்த்தியிருக்க வேண்டும். இன்னொன்று, முந்தின நாள்தான் காரைக் கழுவியிருந்தேன். ஈரம் தங்கிய இடத்தில் ரெசின் பிடிக்கவில்லை. வெள்ளி மாதிரி மின்னும் ஒரு காற்றுப் பொட்டு கடைசிவரை அப்படியே இருந்தது. அழகுக்குப் பத்துக்கு நாலு கொடுப்பேன். ஆனால் அந்தக் கண்ணாடி இருந்த மூன்று வருடமும் விரிசல் ஒரு இம்மிகூட நகரவில்லை.

இரண்டாவது கல் விழுந்தபோது கொஞ்சம் விவரம் வந்திருந்தது. ஓட்டுநர் பக்கம், பார்வைக் கோட்டுக்கு நன்றாகக் கீழே, மூன்று கால் நீட்டிய நட்சத்திரம். வண்டியை ஓரங்கட்டி, உலர்ந்த துணியால் மேலே லேசாக ஒற்றி, ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டினேன். ஐந்து வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி என்று பழுது பார்க்க வந்தவரும் சொன்னார்.

ஆரம்பிக்கும் முன்பே அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சார், இது மறையாது. பரவாம நிக்கும், அவ்வளவுதான். அழுத்தும்போதே ஒரு கால் ஓடினாலும் ஓடலாம்." எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மாட்டி விரிசலின் ஆழம் பார்த்தார், லேசாகச் சூடு காட்டி ஈரத்தை விரட்டினார், பிறகு அரை மணி நேரம் பொறுமையாக இழுப்பதும் அழுத்துவதுமாக இருந்தார். முடிந்தபின் பூச்சியின் இறகு ஒட்டிக்கொண்டது போல ஒரு தடம் மட்டும். பகலில் நானே தேடினால்தான் தெரியும். இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம் படும்போது மட்டும் சின்னதாகப் பூ மாதிரி விரியும். ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக இருக்கும் உடைசலை அடைக்க மாட்டேன் என்று பலர் மறுப்பது ஏன் என்று அந்தப் பூவைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

மூன்றாவதுக்கு வருகிறேன். கீழ் மூலையில், வைப்பர் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எள்ளளவு புள்ளி. பார்வையை மறைக்கவில்லை, கால்களும் நீளவில்லை. டேப்கூட ஒட்டவில்லை. ஓரம்தான் கண்ணாடியின் பலவீனமான இடம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. வண்டியின் உடம்போடு ஒட்டியிருக்கும் விளிம்பு அது. மேடுபள்ளத்தில் உடம்பு முறுக்கும்போது இழுவை முதலில் அங்கேதான் ஏறும். மூன்று வாரம் கழித்து, குளிரான ஒரு காலையில் கண்ணாடி பனிமூட்டமாக இருக்கிறதே என்று சூடான காற்றை முழு வேகத்தில் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். என் கண் முன்னாலேயே புள்ளியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு ஓடியது. சாயங்காலத்துக்குள் ஒரு முழம். வெயிலில் கொதித்த கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினாலும் இதே கதைதான்.

நண்பர் சொன்னார் என்று கோட்டின் நுனியில் சூப்பர் குளூ வைத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், பதட்டத்தில் செய்ததுதான். கோடு நிற்கவில்லை. அந்தப் பசை மொறுமொறுவென்று காய்கிறது, விரிசலின் வாயையும் மூடிவிடுகிறது. அடைக்க வாய்ப்பிருந்த உடைசலில் வைத்திருந்தால் ரெசினுக்கும் வழி இல்லாமல் போயிருக்கும்.

ஆக, நன்றாக நின்ற இரண்டு பழுதும் சேர்த்துப் பழைய கண்ணாடி குப்பைக்குப் போனது.

மாற்றும் வேலையை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய யூரித்தேன் பசையைக் கம்பியால் அறுத்து, மெல்லிய படலம் மட்டும் விட்டுச் சீவி, பெயின்ட் கீறிய இடங்களில் பிரைமர் தடவி, புதுப் பசையை வரிசையாகப் பிழிந்து கண்ணாடியை உட்காரவைத்தார்கள். அந்தக் கீறலில் பிரைமரை விட்டுவிட்டால் பின்னால் துரு கிளம்பி, தண்ணீர் கசியும். "எடுத்துட்டுப் போகலாமா?" என்று உடனே கேட்டேன். பசை இறுகும்வரை கூடாது என்றார்கள், அதற்கு எவ்வளவு நேரம் என்பது பசையின் வகையையும் அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. வீம்புக்குச் சொல்வதில்லை இது. பல கார்களில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது முட்டுக் கொடுப்பதே இந்தக் கண்ணாடிதான், வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. முதல் நாள் கதவை அறைந்து சாத்தாமல், ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வைத்தே ஓட்டினேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இடது மேல் மூலையில் விசில் சத்தம். கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங் சரியாக உட்காரவில்லை, திரும்பப் போய்ச் சரிசெய்தேன். மழை இல்லாதபோதே வைப்பர் தானாக ஓடியது. மழையை உணரும் சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்திருக்கிறது. எரிச்சலூட்டியது கேமரா விஷயம்தான். கண்ணாடிக்குப் பின்னால் சாலையின் தடக்கோடுகளைப் பார்க்கும் கேமரா இருந்தால், மாற்றியபின் அதைக் கேலிபரேட் செய்தாக வேண்டும், அதாவது அதன் பார்வையைச் சரியாக அமைக்க வேண்டும். "டேஷ்போர்டில் லைட் எதுவும் எரியலையே, ஓகேதான்" என்று மாற்றியவர்கள் அனுப்பிவிட்டார்கள். வண்டி தடக்கோட்டைத் தாண்டியபிறகுதான் எச்சரிக்கை வந்தது. வேறு இடத்தில் குறிப்பலகைகளை எதிரே நிறுத்திச் சரிசெய்து வாங்கினேன். ஆர்டர் கொடுக்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

புதுக் கண்ணாடியில் பழைய வைப்பரையே ஓட்டியது என் சொந்தச் சாதனை. ரப்பரில் சிக்கியிருந்த மணல், ஒரே மாதத்தில் வில் மாதிரி ஒரு கீறலைப் போட்டுவிட்டது. அதற்கு ரெசின் வைத்தியம் கிடையாது, அழுத்தித் தேய்த்துப் பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் காட்சி நெளியும். இரண்டு வருடமாக அதோடுதான் ஓட்டுகிறேன்.

நான்காவது கல் போன செவ்வாய்க்கிழமை விழுந்தது. எள்ளைவிடச் சின்னது, ஓரத்திலிருந்து இரண்டு சாண் உள்ளே. டேப் ஒட்டியாகிவிட்டது. சனிக்கிழமை காலை, இரண்டாவதை அடைத்த அதே ஆளிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அதுவரை காரைக் கழுவப் போவதில்லை.