பால் கொடுக்க ஒரு அம்மாவை ஏற்பாடு பண்ணித் தர்ற சர்வீஸ்: 5 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

என் பொண்ணு 34 வாரத்துலயே பிறந்துட்டா, எனக்கு ரத்தப்போக்கு நிக்கவே இல்ல, பிழைச்சதே பெருசு, ஆனா அதுல மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டுப் போய், பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின்ங்கிற ஹார்மோனே வரல. ஷீஹன் சிண்ட்ரோம்னு டாக்டர் சொன்னாங்க. 3 வாரம் பம்ப் வெச்சு அழுதுட்டே உக்காந்திருந்தேன், ஒண்ணும் வரல. மில்க் பேங்க் பால், அதாவது மத்த அம்மாக்கள் தானமா கொடுக்கிற பால், ஆஸ்பத்திரில இருந்த வரைக்கும் கிடைச்சுது, வீட்டுக்கு வந்ததும் நின்னு போச்சு, அவங்களும் இன்னும் சின்னக் குழந்தைங்களுக்குத் தானே முதல்ல கொடுக்கணும். ஃபார்முலா குடிச்சே எத்தனையோ குழந்தைங்க நல்லா வளருது, அதைக் குறை சொல்ல வரல. எனக்குத் தாய்ப்பால் வேணும்னு இருந்துச்சு, அவ்வளவு தான்.

செவிலித்தாய்னா ராஜா காலத்து விஷயம்னு நினைச்சிட்டிருந்தேன். ஆனா 2003-ல உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கொண்டுவந்த குழந்தை உணவு வழிகாட்டிலயே, சொந்த அம்மாவால முடியாத நிலைமைல ஆரோக்கியமான இன்னொரு அம்மாவோட பாலையும் ஒரு வழியா சொல்லியிருக்காங்க. அதைப் படிச்ச பிறகு தான் தைரியம் வந்து இந்த சர்வீஸ்ல பதிவு பண்ணேன்.

ஆன்லைன்ல முகம் தெரியாதவங்க கிட்ட ஃப்ரீசர் பால் வாங்கிக்கலாமேன்னு சிலர் சொன்னாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். 2015-ல வந்த ஒரு ஆய்வுல அப்படி வாங்கின 102 சாம்பிள்ல 10-ல பசும்பால் கலந்திருந்துச்சு. மில்லி கணக்குல காசு கொடுத்தா அளவைக் கூட்டத் தான் தோணும். இங்க மாச சம்பளம், நேரடியா மார்ல குடிக்குது, கலப்படத்துக்கு வழியே இல்ல. இது தான் இந்த சர்வீஸ்ல எனக்கு முதல்ல பிடிச்சது.

அடுத்து டெஸ்ட். மில்க் பேங்க்ல பாலை 62.5 டிகிரில 30 நிமிஷம் சூடு பண்ணுவாங்க, கிருமி சாகும், கூடவே பால்ல இருக்கிற உயிருள்ள செல்லும் போயிடும், எதிர்ப்பு சக்தியும் கொஞ்சம் குறையும். நேரடியா குடிக்கிறப்ப அது எல்லாம் அப்படியே கிடைக்குது, ஆனா சூடு பண்ற அந்தப் பாதுகாப்பும் இல்ல, அதனால பால் கொடுக்கிறவங்களோட டெஸ்ட் ரிப்போர்ட் ஒண்ணு தான் நமக்குத் துணை. ஹெச்ஐவி, ஹெச்டிஎல்வி (இதுவும் தாய்ப்பால் வழியா பரவுற ஒரு வைரஸ்), ஹெபடைடிஸ், சிஃபிலிஸ், என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்ற வரைக்கும் இருக்கணும். சர்வீஸ் முதல்ல அனுப்பி வெச்ச அம்மாவோட ரிப்போர்ட்ல தேதி பார்த்தா 8 மாசம் பழசு!! நான் கேக்கலைன்னா அப்படியே ஆரம்பிச்சிருப்பாங்க, இன்னும் எனக்கு அது ஆறல. குறைப்பிரசவக் குழந்தைனா தாய்ப்பால் வழியா போய் அவங்களுக்கு ஆபத்தாகக்கூடிய சிஎம்வி வைரஸ் பத்தி டாக்டர் கிட்ட தனியா கேளுங்க, எங்க டாக்டர் எடை ஏறட்டும்னு காக்க வெச்சு அப்புறம் தான் சரின்னாங்க.

ரெண்டாவதா வந்தவங்க தான் எங்களுக்குப் பால் கொடுத்தவங்க, அக்கான்னு தான் கூப்பிடுவேன், பேர் எழுதல. வந்த உடனே "உங்க குழந்தையோட ப்ளட் ரிப்போர்ட் காட்டுங்க"ன்னாங்க. எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. அப்புறம் தான் புரிஞ்சுது, சிஃபிலிஸ் அந்தக் காலத்துல பால் கொடுத்தவங்க கிட்டேர்ந்து குழந்தைக்கு மட்டும் போகல, குழந்தை கிட்டேர்ந்து அவங்களுக்கும் போய் அவங்க குடும்பத்தையே பிடிச்சிருக்கு. அவங்க கேட்டது நியாயம், இதை சர்வீஸே ரெண்டு பக்கமும் செஞ்சிருக்கணும்.

என் பெரிய வருத்தமும் இங்க தான். சர்வீஸ்காரங்க வாராவாரம் என் பொண்ணு எடையை எழுதினாங்க, ஒரு நாளைக்கு 6 தடவையாவது ஒண்ணுக்கு போறாளான்னு கேட்டாங்க, வாய் வெச்சுப் பிடிக்கிறது சரியான்னு ஆள் வந்து பார்த்தாங்க, எல்லாம் அருமை. அக்காவுக்கும் 5 மாசத்துல ஒரு பையன் இருந்தான், அவன் எடையை ஒருத்தரும் கேக்கல, ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. ரெண்டு குழந்தை குடிச்சா பால் ரெண்டு பேருக்கும் ஊறும், குடிக்கக் குடிக்கத் தான் சுரக்கும், ஆனா உடம்பு அதுக்குப் பழக சில நாள் ஆகும், அந்த முதல் வாரம் அந்தப் பையன் தான் அழுதிருக்கான். 18-ம் நூற்றாண்டு பாரிஸ்ல பணக்காரக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனவங்களோட சொந்தக் குழந்தை இன்னும் ஏழையான ஒருத்தி கிட்ட விடப்பட்டு எத்தனையோ செத்துப் போச்சுன்னு படிச்சிருக்கேன், அதை நினைச்சு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. பையனையும் கூட்டிட்டு வாங்க, முதல்ல அவன் குடிக்கட்டும்னு நானே சொன்னேன். அதே தராசுல அவனையும் எடை பார்த்தோம்.

பொறாமை வருமான்னு கேக்குறவங்களுக்கு: வரும். என் பொண்ணு அவங்க குரல் கேட்டா தலையைத் திருப்புவா, உள்ள போய் அழுதிருக்கேன். ஒவ்வொரு தடவை குடிச்சு முடிச்சதும் அவளை என் நெஞ்சு மேல சட்டை இல்லாம படுக்க வெச்சுக்கிட்டேன், அது உதவுச்சு. ராத்திரிக்கு ஃபார்முலா தான், அக்காவும் தூங்கணுமே.

இப்ப நிறுத்தப் போறோம். அக்ரிமென்ட்ல முடிவு தேதி ஒரே ஒரு நாள், அன்னைக்கே சம்பளமும் கட். பால் அன்னைக்கே நிக்குமா என்ன? திடீர்னு நிறுத்தினா மார் கட்டிக்கிட்டு சீழ் வைக்கிற வரைக்கும் போகும். 3 வாரம் நீட்டி ஒவ்வொரு வேளையா குறைக்கணும், அந்த 3 வாரத்துக்கும் முழு சம்பளம்னு நான் எழுதி வாங்கியிருக்கேன், சேர்றவங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுங்க. நேத்து மத்தியான வேளையை விட்டோம், சாயங்காலம் ஃபோன் பண்ணி கேட்டேன், கொஞ்சம் கனமா இருக்கு, வலி இல்லன்னாங்க, பையன் ரெண்டு பக்கமும் குடிச்சிட்டுத் தூங்கிட்டானாம்.